சீனத் தம்பதியர் பற்றிய விட்டுக்கொடுப்பு ஆய்வுகள் நம்ம தோட்டப் பக்கத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: கொட்டகலை மலர்

வணக்கம். உளவளத்துணை டிப்ளோமா செயற்றிட்டத்துக்குத் தம்பதியரின் விட்டுக்கொடுப்பும் மனச்சோர்வும் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கணவன் மனைவி இருவரிடமும் கேட்டு எழுத வேண்டும்.

வாசித்ததில் சீனா, தைவான், ஹொங்கொங் தம்பதியர் பற்றியவைதான் நம்ம வீடுகளுக்குக் கிட்ட வருகின்றன. மாமியார் மாமனார் ஒரே கூரைக்குள் இருப்பது, அன்பை வாய்விட்டுச் சொல்லாதது, பிள்ளை படிக்க வேண்டும் என்று தாய் தகப்பன் எல்லாவற்றையும் விடுவது, இதெல்லாம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டுரை விட்டுக்கொடுப்பு மனநலத்துக்கு நல்லது என்கிறது, அடுத்தது கெடுதல் என்கிறது. எதை நம்புவது? அவர்களுடைய வினாக்கொத்தை அப்படியே தமிழாக்கிக் கேட்கலாமா? கேட்கும்போது ஒருவருடைய மனநிலை மோசமாக இருப்பது தெரிந்தால் அடுத்து என்ன செய்வது?

பதில் 1: ஊவா வாசகன்

மலர், இரண்டு கட்டுரையும் சரியாகவே இருக்கலாம். அவை அளந்தது ஒன்றையல்ல. "தேவை வந்தால் விட்டுக்கொடுப்பேன்" என்ற மனத்தயார்நிலை ஒன்று. உண்மையிலேயே எதையெதை விட்டார், அதனால் என்ன இழந்தார் என்பது வேறு. 2020இல் சைக்கலொஜிக்கல் புலெட்டின் இதழில் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தது) இதைத்தான் பிரித்துக் காட்டியது. மனத்தயார்நிலை கூடியவர்களுக்கு உறவும் நன்றாக இருக்கிறது, மனநிலையும் நன்றாக இருக்கிறது. செய்த விட்டுக்கொடுப்பையும் அதன் இழப்பையும் கேட்டால், விட்டவரின் மனநலம் இறங்கித்தான் இருக்கிறது. ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும் முடிவுரைக்குப் போகாதீர்கள். வினாக்களைப் பாருங்கள், எதைக் கேட்டார்கள் என்று.

அடுத்தது காரணம். உளவியலாளர் எமிலி இம்பெட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது திரும்பத் திரும்ப வருகிறது. துணை சந்தோஷப்படட்டும் என்று விடுவது ஒரு வகை. சண்டை வேண்டாம், கோபப்படுவார், ஊர் பேசும் என்று விடுவது இன்னொரு வகை. முதலாவது செய்தவருக்கும் நல்லது. இரண்டாவது நாளடைவில் மனக்கசப்பைச் சேர்க்கிறது. நம்ம பக்கம் பாருங்கள்: மாமியாரை ஹட்டனுக்கு மருந்துக்குக் கூட்டிப்போக ஒரு பெண் ஒரு நாள் பேரை (அன்றைய வேலைப் பதிவையும் சம்பளத்தையும்) விடுகிறாள். "அவர் லீவு போட்டால் அட்டன்டன்ஸ் காசு போகும், நான் போகிறேன்" என்று போகிறவளுக்கும், "போகாவிட்டால் இன்றிரவு சத்தம்" என்று போகிறவளுக்கும் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) விழுகிற வெட்டு ஒன்றுதான். மனத்தில் விழுவது ஒன்றல்ல.

இனி சீனப் பண்பாட்டுக்கு வருவோம். சீனக் குடும்பத்தின் முதுகெலும்பு தகப்பன் மகன் உறவு, கணவன் மனைவி உறவு அதற்குப் பின்னால்தான் என்று மானிடவியலாளர் பிரான்சிஸ் சூ எழுதினார். அப்படிப்பட்ட வீட்டில் கணவன் மனைவிக்கிடையிலுள்ள அன்பு கொஞ்சலாக வெளிவருவது குறைவு. தைவானில் ஆய்வாளர் லீ ட்சுயி-ஷான் 1990களிலிருந்து செய்த ஆய்வுகளில், நெருக்கம் என்பது மட்டுமே திருமணப் பாசம் இல்லை, நன்றியும் அதன் பெரிய பங்கு என்று காட்டினார். "இவள் என் அம்மாவைப் பார்த்தாள், நான் தொழிலில் விழுந்தபோது தாங்கினாள்" என்ற உணர்வுதான் அந்த நன்றி. அவருடைய அளவுகோலில் நன்றி, மெச்சுதல், நெருக்கம், மனப்பொருத்தம் என்று நான்கு பக்கம் உண்டு. மேற்கத்திய அளவுகோல்கள் பலவற்றில் முதலாவதைத் தேடினாலும் கிடைக்காது. தோட்டத்துத் தம்பதியரை அளக்க இந்த நன்றிப் பகுதிதான் உங்களுக்கு உயிர். அணைப்பு, முத்தம், காதல் வார்த்தை பற்றிக் கேட்டால் ஐம்பது வயதுக்காரர் வெட்கத்தில் எழுந்து போய்விடுவார். மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு) கொழுந்துச் சாக்கைத் தூக்கிக் கொடுத்தாரா, குளிரில் அவளுக்குச் சுடுதண்ணி வைத்தாரா என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வார்.

"மனத்தில் உள்ளதை அடக்கினால் நோய்" என்ற பொது விதியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். விட்டுக்கொடுக்கும் வேளையில் உள்ள சங்கடத்தைக் காட்டாமல் மறைப்பது பொதுவாகச் செய்தவரைத் தாக்கும். ஆனால் தன்னை உறவுகளோடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை, மறைப்பதே இயல்பாகப் பட்டது என்று 2013இல் ஒரு நாட்குறிப்பு ஆய்வு வந்தது. சீனக் குடும்பங்களில் பொறுத்துப்போவது ஒரு பண்பு. அதை நோயறிகுறி என்று எழுதினால் தவறு. பொறுத்துப்போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைப் பண்பு என்று எழுதினால் அதைவிடப் பெரிய தவறு.

நம்மவர்களோடு ஒரு பெரிய வித்தியாசத்தையும் செயற்றிட்டத்தில் எழுதுங்கள். ஆண் வெளியே, பெண் உள்ளே என்பது சீனப் பழைய ஒழுங்கு. தோட்டத்தில் பெண் காலை பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறாள், மாலை வந்து அடுப்படிக்கும் போகிறாள். அவள் எடுத்த கிலோவுக்குக் கணக்கு இருக்கிறது, வீட்டில் செய்ததற்கு இல்லை. சீனாவில் 2021 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டக்கோவையின் 1088ஆம் பிரிவு, பிள்ளை வளர்ப்பிலும் முதியோர் பராமரிப்பிலும் கூடிய பாரம் சுமந்தவர் விவாகரத்தில் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. அந்த வருடமே பெய்ஜிங்கின் பாங்ஷான் நீதிமன்றம், ஐந்து வருட வீட்டுவேலைக்காக ஒரு மனைவிக்கு 50,000 யுவான் தரச் சொன்னது. தொகை போதுமா என்று அங்கே பெரிய வாதமே நடந்தது. விட்டுக்கொடுத்ததை வீட்டில் யாரும் பார்க்காவிட்டால் அது கடைசியில் கோட்டுக்குத்தான் வரும்.

பதில் 2: எண்ணும் எழுத்தும்

இரண்டாவது கேள்விக்கு: அப்படியே தமிழாக்கிக் கேட்காதீர்கள்.

தியாகம் என்ற சொல் வினாவில் வரவே கூடாது. அதைக் கேட்டதும் எல்லோரும் உச்சப் புள்ளி போடுவார்கள், உங்கள் தரவு முழுக்க ஒரே நிறமாகிவிடும். கடந்த இரண்டு வாரம் என்று காலத்தைக் கட்டுங்கள். ஒவ்வொரு விடயத்துக்கும் நாலு கேள்வி போதும்: விட்டது எது (ஒரு நாள் பேர், நித்திரை, தன் சாப்பாட்டுப் பங்கு, தாய்வீட்டுப் பயணம், சீட்டுக்காசு), எவ்வளவு கஷ்டமாக இருந்தது, ஏன் விட்டீர்கள், அவர் அதைக் கவனித்தாரா. பிறகு மற்றவரிடம் போய், "உங்கள் துணை இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்காக எதை விட்டார்?" என்று கேளுங்கள். அவள் ஏழு சொல்லி அவர் ஒன்று சொன்னால், அந்த ஆறுதான் உங்கள் ஆய்வு. விட்டதன் மொத்தத்தைவிட இந்த இடைவெளியை மனச்சோர்வோடு வைத்துப் பாருங்கள்.

பதிலுக்கு "மிகவும் உடன்படுகிறேன்" போன்ற ஐந்து படி வேண்டாம், வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் நடுவில் கைவைத்துவிடுவார்கள். சிறிதிலிருந்து பெரிதாக நாலு வட்டம் அச்சடித்து விரலை வைக்கச் சொல்லுங்கள். நாலு என்பதால் நடு இல்லை. முதலில் ஆய்வில் சேர்க்காத ஐந்தாறு தம்பதியரிடம் கேட்டுப் பார்த்து, எந்த வினாவில் தயங்குகிறார்கள் என்று குறித்துத் திருத்துங்கள்.

மனச்சோர்வை அளக்க பீ.எச்.கியூ-9 (PHQ-9) என்ற வினாக்கொத்தை எடுங்கள். ஒன்பது வினா, ஒவ்வொன்றும் 0 முதல் 3, மொத்தம் 27, வழமையான வெட்டுப்புள்ளி 10 (அதுவோ மேலேயோ வந்தால் மனச்சோர்வு இருக்கலாம்). நம்ம பக்கத்தில் இது தடுக்கும் இடம் ஒன்று உண்டு. நித்திரை, களைப்பு, பசி என்று மூன்று வினா உடலைப் பற்றியவை. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுப்பவருக்குக் களைப்பு வேலையால் வரும், இரத்தசோகையாலும் வரும் (கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே). அதனால் மொத்தத்தோடு முதல் இரண்டு வினாவின் கூட்டுத்தொகையைத் தனியாகவும் எழுதுங்கள்: ஆர்வமின்மை, மனம் சோர்ந்திருத்தல். ஆறுக்கு மூன்று அல்லது மேலே வந்தால் களைப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மறுபக்கமும் உண்மை: உடல்வலி என்று மட்டும் சொல்கிறவரைச் சும்மா அனுப்பிவிடக் கூடாது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் நரம்புத் தளர்ச்சி என்று எழுதப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்து 1982இல் வெளியிட்டபோது, அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வின் அளவுகோல்கள் பொருந்தின. தலையிடி, தலைச்சுற்று, நித்திரையின்மை என்றுதான் வந்திருந்தார்கள்.

கேட்கும் இடம் பற்றி. லயத்துக் காம்பராவில் வேண்டவே வேண்டாம். பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது, பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) மூடிய பிறகு, அல்லது பாடசாலை வகுப்பறை இரண்டில், கணவனையும் மனைவியையும் ஒரே நேரத்தில் வேறு வேறாக உட்கார வையுங்கள். ஒருவரை முடித்துவிட்டு மற்றவரைக் கூப்பிட்டால் நடுவில் "என்ன கேட்டாங்க?" வந்துவிடும், இரண்டாவது பதில் முதலாவதன் நகலாகும். பெண்ணிடம் பெண் கேட்பது நல்லது. சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள்: குடி, கடன், சண்டை எல்லாம் அந்த நாட்களில் கூடி, வழமையான நிலை தெரியாது. ஏப்ரல், மே மாதம் கொழுந்து கூடும்போது யாருக்கும் உட்கார நேரமும் இல்லை.

தாளில் பெயர் எழுதாதீர்கள். 014அ, 014ஆ என்று இலக்கம். பெயர்ப் பட்டியல் வேறு கொப்பியில், வேறு அலுமாரியில்.

கணக்குப் பார்க்கும்போது நடக்கிற பெரிய பிழை: 60 தம்பதியரை 120 தனி ஆட்களாக எண்ணுவது. ஒரே வீட்டில் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அவற்றைத் தனித்தனி என்று எடுத்தால் வழுவின் அளவு தப்பாக வரும், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியலாம். இதற்காகவே உள்ள மாதிரியில் தன் விட்டுக்கொடுப்பு தன் மனநிலையைத் தொடுவதும், தன் விட்டுக்கொடுப்பு துணையின் மனநிலையைத் தொடுவதும் என்று இரண்டு பாதையையும் சேர்த்தே கணிப்பார்கள். ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளில் லவான் (lavaan) பொதியை வைத்து இலவசமாகச் செய்யலாம். ஆனால் இரண்டாவது பாதை பொதுவாகச் சிறியது. 60 தம்பதியரில் அது தெரியாமல் போனால் "துணைக்குப் பாதிப்பில்லை" என்று எழுதாதீர்கள், தம்பதியரின் எண்ணிக்கை போதாது என்று எழுதுங்கள். ஒரே தடவை கேட்டதால் எது முந்தி என்றும் சொல்ல முடியாது: சோர்ந்தவர் தான் நிறைய இழந்ததாக நினைக்கலாம், நிறைய இழந்தவர் சோர்ந்துபோகலாம்.

பதில் 3: மஸ்கெலியா சேவை

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக. களத்துக்குப் போகும் முன்பே இது எழுத்தில் இருக்க வேண்டும்.

பீ.எச்.கியூ-9இன் ஒன்பதாவது வினா சாவைப் பற்றியோ தன்னைத் துன்புறுத்துவதைப் பற்றியோ நினைத்ததா என்று கேட்கிறது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் நாலாக இருந்தாலும்கூட, அதே நாளில் அவரிடம் தனியாகப் பேச வேண்டும். நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. திட்டம் ஏதும் இருந்தால் தனியே விடாதீர்கள். அவர் சம்மதிக்கிற ஒரு உறவினரைக் கூப்பிட்டு, வீட்டிலுள்ள களைகொல்லி, மாத்திரைகளை வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லி, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் 24 மணி நேர இலக்கம். நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் உண்டு. பக்கத்து வைத்தியசாலையில் கிளினிக் எந்த நாள், யாரைக் கேட்பது என்பதைத் தோட்ட வைத்தியரிடமும் மருத்துவமாதுவிடமும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மொத்தம் 10 அல்லது மேலே, ஒன்பதாவதில் 0 என்றால் அவசரமில்லை, ஆனால் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே மருந்து தந்தால் குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல் வந்ததும் "இது ஒத்துவரல" என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், துணைவரிடமும் (நோயாளி சம்மதித்தால்). கிளினிக் நாள் என்றால் ஒரு பேர் போகும். அந்த நாளில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்றும் அப்போதே பேசி முடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது தடவை வரமாட்டார்.

அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் விட்டுக்கொடுப்பு பற்றிய வினாக்கொத்தையே நிறுத்துங்கள். அங்கே நடப்பது விட்டுக்கொடுப்பு அல்ல, பயம். கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது அவளுக்கு ஆபத்து. 1938 மகளிர் உதவி இலக்கத்தைத் தாளில் கொடுக்காமல் வாயால் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதையும் தெரியப்படுத்துங்கள்.

கொட்டகலை மலர்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு விடயம் மிச்சம். பட்டியலில் சில வீடுகளில் மனைவி குவைத்தில், சிலவற்றில் கணவர் கொழும்புக் கடையில். அவர்களைச் சேர்க்கலாமா? கடைசியில் தம்பதியருக்கு ஒரு பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றி சொல்லும் பயிற்சி சரிவருமா?

ஊவா வாசகன்

பயிற்சி சரிவரும், ஆனால் பாதியில் விட்டால் கெடுக்கும். "நீ நல்லவள்" என்ற பொது நன்றி வேலை செய்யாது. ஒருவர் மற்றவர் விட்ட ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி, அதனால் தனக்கு என்ன மிச்சமானது என்றும் சொல்ல வேண்டும்: "செவ்வாய்க்கிழமை நீ நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டபடியால் எனக்கு முதல் பஸ் கிடைத்தது." "ஆனால்" என்று தொடரக் கூடாது. கேட்பவர் மறுக்கவும் கூடாது, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா" என்று தள்ளிவிடுவது சீன வீடுகளிலும் நம்ம வீடுகளிலும் பழக்கம். வாயால் சொல்ல வெட்கப்படுகிற ஆளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தக் காரியத்தை அடுத்த ஒரு வாரம் அவரே செய்யட்டும். நன்றி சொல்லிவிட்டுப் பாரத்தை அவள் தலையிலேயே வைத்திருந்தால், அவளுக்கு அது புது விதமான கட்டளையாகத்தான் கேட்கும். ஆகவே அமர்வின் முடிவில் ஒரு வேலையாவது கை மாற வேண்டும்: விறகு, தண்ணி, பிள்ளையைப் பாடசாலைக்கு விடுவது, எதுவென்று தாளில் எழுதி இருவரும் வைத்திருக்கட்டும்.

எண்ணும் எழுத்தும்

வெளியூரில் இருப்பவர்களைச் சேருங்கள், ஆனால் தனிக் குழுவாக, மற்றத் தம்பதியரோடு கலக்காமல். சீனாவிலும் இதுவே பெரிய பிரிவு. 1958இல் வந்த, உரிமைகளைப் பதிவான ஊரோடு கட்டிய குடிப்பதிவு முறையால் நகரத்துக்கு வேலைக்குப் போன பெற்றோர் பிள்ளைகளை அங்கே பாடசாலையில் சேர்ப்பது கஷ்டம், அதனால் பிள்ளைகளும் பல வீடுகளில் மனைவியும் கிராமத்திலேயே தங்கினார்கள். அங்கும் இங்கும் போனவர் காசைத் தன் விட்டுக்கொடுப்பாகச் சொல்வார், இருப்பவர் பிள்ளையையும் முதியவரையும் சொல்வார். ஒருவர் பட்டியல் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் நாலு கேள்வியில் "அவர் கவனித்தாரா" என்பதை இவர்களுக்கு "அவரிடம் சொன்னீர்களா" என்று மாற்றுங்கள், பார்க்க வழியில்லாதவர் கவனித்தாரா என்று கேட்பது நியாயமில்லை.

குவைத்தில் இருப்பவருக்கு வினாக்கொத்தைப் படமாக அனுப்பாதீர்கள், வேலை செய்யும் வீட்டில் போனை வேறொருவர் பார்க்கலாம். அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டு அழைத்து, தனியாக இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஆம், இல்லை, ஓர் எண் என்று பதில் சொல்லக்கூடிய விதமாக வினாக்களை வாசியுங்கள். அப்படியானால் பக்கத்தில் ஆள் வந்தாலும் பேச்சின் பொருள் வெளியே போகாது. ஒன்பதாவது வினாவை இந்த அழைப்பில் கேட்பதானால், அந்த நாட்டில் உடனே யாரிடம் சொல்வது என்பதை முதலில் கண்டுபிடித்து வையுங்கள். அது கிடைக்கும் வரை அந்தக் குழுவிடம் முதல் இரண்டு வினாவோடு நிறுத்துங்கள்.